முன்முற்றமும் பின்வளவும்: ஹெவ்லொக் டவுனின் பனையினங்கள்

ஒரு நகரப் பகுதியின் பூர்வ சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள் நொத்தாரிசு உறுதிகளையும், நகரசபையின் பதிவேடுகளையும், கோயில்களிலும் தேவாலயங்களிலும் பதிக்கப்பட்ட கல்வெட்டுக்களையுமே வழக்கமாக நாடுவார்கள். ஆயினும் கொழும்பின் ஹெவ்லொக் டவுனைப் பொறுத்தமட்டில், அவற்றுக்கு எவ்வகையிலும் குறையாத சாட்சியம் ஒன்று அவ்விடத்து வீட்டு வளவுகளிலே வேரூன்றி நிற்கிறதென்பது எனது அபிப்பிராயம். பின்வளவிலே தென்னையும் கமுகும் கித்துளும், முன்முற்றத்திலே மடகாஸ்கரிலிருந்தும் பிலிப்பைன் தீவுகளிலிருந்தும் கரிபியன் பிரதேசத்திலிருந்தும் வந்துசேர்ந்த அலங்காரப் பனைகளுமாக அங்கே நெடுங்காலம் நிலவிய ஒழுங்கு, அவ்வீடுகளைக் கட்டியவர்கள் எதைப் பிரயோசனமென்றும் எதைக் கௌரவமென்றும் கருதினார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுகிறது. அம்மரங்களை இனங்கண்டு பெயர் சொல்லக்கூடியவர்கள் அருகிவருகிற இக்காலத்தில் அந்தச் சரித்திரத்தை எழுத்தில் வைப்பது அவசியமென்று தோன்றுகிறது.

ஹெவ்லொக் டவுனுக்குப் பெயர் கொடுத்தவர், 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ஆர்தர் எலிபாங்க் ஹெவ்லொக். கமக்காரரை வாட்டிய நெல்வரியை நீக்கியவர் என்ற கீர்த்தி அவருக்குண்டு. இங்கிருந்து சென்னை மாகாணத்துக்குக் கவர்னராகச் சென்ற அவருடைய நடுப்பெயர் எலிபாங்க் வீதியிலே இன்றும் வழங்குகிறது. இலங்கைக்கு வருமுன் அவர் சீஷெல்ஸ் தீவுகளின் நிருவாகத் தலைவராகவும் கடமையாற்றியவர் என்பதும், உலகத்துத் தாவரங்களுள்ளே மிகப் பெரிய வித்தினையுடைய இரட்டைத் தென்னை அத்தீவுகளிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை என்பதும் தற்செயலான பொருத்தமேயாயினும், இவ்விஷயத்தை ஆராய்கிறவனுக்கு மகிழ்ச்சி தருவன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் கிழக்குப் பக்கமாகக் கிடந்த தென்னங்காணிகள் துண்டாடப்பட்டு, பேர்ச்சுக் கணக்கிலே விற்பனையாகி, முன்விறாந்தையும் அகன்ற முற்றமும் கொண்ட பங்களாக்களாக எழும்பின. 160 பேர்ச்சு ஓர் ஏக்கர் என்பது இந்நாட்டு அளவை. அன்றைய வளவுகளிலே வீட்டுக்கு வேண்டிய நிலம் போக, மரம் வைப்பதற்கும் மிகுதியிருந்தது. 1921-ஆம் ஆண்டிலே கொழும்பின் நகரமைப்பைப் பற்றி அறிக்கை எழுதிய பற்றிக் கெடிஸ் என்னும் பேரறிஞர் இந்நகரை ஒரு தோட்ட நகரமாகக் காண விரும்பினார். அவர் விரும்பியதற்கு இணங்கிய வாழ்க்கையைச் சட்டங்களின் துணையில்லாமலே இம்மாதிரியான வீதிகளில் குடியிருந்தோர் நடத்திவந்தார்கள். அவர்களுள்ளே யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டும், வைத்தியம், சட்டம் முதலிய தொழில்களின் பொருட்டும் வந்த தமிழர் கணிசமானோர்.

பனையினங்களை இனங்காணுதல் என்னும் வித்தைக்கும் கொழும்புக்கும் உள்ள தொடர்பு இப்பங்களாக்களுக்கு வெகு முற்பட்டது. ஒல்லாந்துக் கம்பனியின் வைத்தியராகப் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இங்கு வந்த பவுல் ஹெர்மன், கொழும்பைச் சூழவுள்ள செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி ஏடுகளிலே பதித்துவைத்தார். அந்தச் சேகரம் பல கை மாறி லின்னேயஸிடம் சேர, அவர் அதனை ஆதாரமாகக் கொண்டு 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். 1753-இல் அவர் இயற்றிய பெருநூலிலே தென்னை, கமுகு, பனை, தாளிப்பனை, கித்துள் ஆகிய ஐந்தும் இன்று வழங்கும் சாஸ்திரப் பெயர்களை ஏற்கெனவே பெற்றுவிட்டன. பிரித்தானியர் காலத்திலே, 1810-ஆம் வருஷம், கொம்பனித்தெருவிலே கியூ என்ற பெயரோடு தாவரத் தோட்டமொன்று திறக்கப்பட்டது. அது மூன்று வருஷங்களிலே களுத்துறைக்கும், 1821-இல் பேராதனைக்கும் மாற்றப்பட்டதாயினும், கியூ வீதி என்ற பெயர் அவ்விடத்திலே எஞ்சியிருக்கிறது. அத்தோட்டத்தின் வழித்தோன்றலான பேராதனையின் மூலமாகவே, கப்பல்களில் வந்த அந்நிய தேசத்துப் பனையினங்கள் பலவும் இந்நாட்டு மண்ணுக்குப் பழகின.

வளவின் பின்பக்கத்தை முதலில் சொல்லுகிறேன். ஏனெனில் அங்கே நின்றவையே முந்தியவை. தென்னை பெரும்பாலும் பங்களாவுக்கு முன்பிருந்த தோட்டத்தின் எச்சம். புதிதாக வைத்தவர்கள் மூன்றடிக் குழி வெட்டி, அடியிலே பொச்சுமட்டைகளை அடுக்கி, மேல்மண்ணும் சாம்பலும் இட்டுப் பிள்ளையை நட்டார்கள். விருந்தினர்க்கென்று செவ்விளநீர் ஒன்று கிணற்றடியிலே நின்றது. கமுகு வேலியோரத்துக்கு உரியது. கல்யாண வாசலிலே வாழையோடு கமுகங்குலையும் தென்னங்குருத்துத் தோரணமும் கட்டுகிற சம்பிரதாயம் இருக்கும்வரை, அம்மரத்துக்கு மேலதிகமான காரணம் வேண்டியிருக்கவில்லை. சிங்கள அயலவர்கள் அதே குருத்தோலையினாலே தங்கள் பந்தல்களை அலங்கரித்தார்கள். ஒரே மதிலுக்கு இருபக்கமும் நின்றவர்கள் ஒரே மரத்தின் குருத்தைப் பங்கிட்டுக்கொண்ட காலங்கள் அவை.

கித்துளின் கதை வேறு. அதை ஒருவரும் நடவேண்டியதில்லை. பழத்தை விரும்பியுண்ணும் மரநாய்கள் வித்தை எச்சத்தோடு விட்டுப்போக, மதிலோரத்திலும் சாக்கடையோரத்திலும் தானே முளைத்து எழும்பும் சுபாவம் அதற்குண்டு. மீனின் வாலைப் போலக் கத்தரித்த சிற்றோலைகளை உடைமையாலும், ஓலையின் நடுக்காம்பு மீண்டும் கிளைத்துப் பிரிதலாலும், இந்நாட்டுப் பனையினங்கள் எல்லாவற்றுள்ளும் அதனை எளிதில் அடையாளங் காணலாம். பழத்தின் சதை கையிற் பட்டால் தாங்கமுடியாத அரிப்புண்டாகும். லின்னேயஸ் அதற்கிட்ட பெயரின் பின்பாதியே இந்தக் குணத்தைக் குறித்ததுதான். முதற்பாளை உச்சியிலே வெடிக்கும். பின்வருவன ஒன்றன்பின் ஒன்றாகக் கீழ்நோக்கி இறங்கும். கடைசிப் பாளை முதிர்ந்ததும் மரம் பட்டுப்போகும். இதனை அறியாத வீட்டுக்காரர்கள், ஏதோ நோயென்று கருதி மருந்து தேடுவதை நான் அறிவேன். தன் ஆயுளை முடித்துக்கொண்ட மரத்துக்குச் செய்யக்கூடிய சிகிச்சை ஒன்றுமில்லை. அருகிலே அதன் கன்று நிற்கிறதா என்று பார்ப்பதே உசிதம்.

பனை மாத்திரம் இவ்வரிசையிலே ஏக்கத்தோடு நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தாருக்கு அது உணவும் கூரையும் வேலியும் ஏடுமாக இருந்த விருட்சம். அதனைப் பற்றி வில்லியம் பேர்குசன் என்பவர் 1850-இல் கொழும்பிலேயே ஒரு தனி நூல் வெளியிட்டார். தாலவிலாசம் என்னும் தமிழ்ப் பிரபந்தம் அதற்கு 801 பயன்களைக் கூறுவதாக அதன்பின் எழுதியவர்கள் இடைவிடாது எடுத்துக்காட்டினார்கள். இவ்வளவு பயனுள்ள மரம் ஹெவ்லொக் டவுனிலே அபூர்வமானதற்குக் கொழும்பின் மழை மாத்திரம் காரணமாகாது. ஈரமான பேராதனையிலே 1887-இல் வைத்த பனைச்சாலை அதற்கு மறுப்பாக நிற்கிறது. பனங்கொட்டை முளைக்கும்போது முளை நேரே கீழ்நோக்கி ஆழச் சென்று கிழங்காகிறது. அதனைப் பிடுங்கி வேறிடத்தில் வைப்பது கடினமாகையால், நாற்றுப் பையிலே வாங்கிவரும் வழக்கத்துக்கு அது இசையாது. நட்டவன் ஏறக்குறைய 15 வருஷம் காத்திருந்த பின்னரே அது ஆணா பெண்ணா என்பதும் தெரியவரும். மூன்று வருஷத்துக்கொரு முறை இடமாற்றக் கடிதம் பெறும் உத்தியோகத்தன் எப்படி அதனை நடுவான்? ஆகையினால் பனை ஊரிலேயே நின்றது. பனாட்டும் ஒடியலும் புழுக்கொடியலும் மாத்திரம் யாழ்தேவிப் புகையிரதத்திலே வந்திறங்கி வெள்ளவத்தைக் கடைகளுக்குச் சேர்ந்தன.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தை நினைவுகூராமல் அப்பாற் செல்ல என்னால் இயலவில்லை. மரபியலிலே, வயிரம் வெளிப்புறத்திலே உள்ளவற்றைப் புல்லென்றும், உட்புறத்திலே உள்ளவற்றை மரமென்றும் வகுத்த ஆசிரியர், ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை முதலிய உறுப்புக்களைப் புல்லுக்கு உரியனவாக வைத்தார். தென்னையும் பனையும் வானளாவி நின்றாலும் புல்லுக்கே உறவு என்ற அவ்வுண்மையைத்தான் இக்காலத் தாவர சாஸ்திரிகளும், ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற வகுப்பிலே அவற்றை வைப்பதன் மூலம் உரைக்கிறார்கள். ஓலையை எண்ணி, மடலைத் தடவி, பாளை எங்கே வெடிக்கிறதென்று பார்த்து இனங்காணும் முறை நமக்குப் புதிதன்று. அதனை நாம் முன்முற்றத்து அந்நிய விருட்சங்களிடம் பிரயோகிக்கத் தவறியதே குறை.

அத்தவறு எவ்வளவு பெரிதென்பதற்கு ஓர் உதாரணம் போதும். கொழும்பிலே 'அரிக்கா பாம்' என்று ஆயிரக்கணக்கான சாடிகளிலே விற்கப்படுவது கமுகன்று, கமுகின் இனமுமன்று. அது மடகாஸ்கரிலிருந்து வந்த, பொன்னிறத் தண்டுகள் புதராய்க் கிளம்பும் வேறொரு பனை. கமுகு எக்காலமும் ஒற்றைத் தண்டாய், வடுவளையங்களோடு மெலிந்து நெடிது செல்வது. அந்தப் பொன்தண்டுப் பனையோடு மயங்கி நிற்பது மக்காதர் பனை. அதுவும் புதராய் வளரும், ஆனால் அதன் சிற்றோலைகளின் நுனி கடித்தெடுத்தாற்போலச் சிதைந்திருப்பதும், கனிகள் சிவந்திருப்பதும் வேறுபாடு. வாசற்படியின் இருமருங்கிலும் இணையாக வைக்கப்படும் மனிலாப் பனையோ ஒற்றைத் தண்டுடையது. ஓலைகள் வளைந்து கவியும். சிவந்த கனிக்குலை ஓலைக் கொண்டைக்குக் கீழே தொங்கும். நத்தார்க் காலத்திலே சிவப்பதனால் சில தேசங்களிலே நத்தார்ப் பனையென்றே அதனை அழைக்கிறார்கள்.

இவற்றைப் பிரித்தறிய விரும்புகிறவர் முதலிலே நோக்கவேண்டியது ஓலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட இடத்தையே. கமுகிலும் மனிலாப் பனையிலும், அரசபனை என்று சொல்லப்படும் கியூபாப் பனையிலும், மடல்களின் அடிகள் ஒன்றையொன்று இறுகத் தழுவி வழுவழுப்பான பச்சைக் கழுத்தொன்றாய் அமைகின்றன. தென்னையிலும் கித்துளிலும் அக்கழுத்து இல்லை, பன்னாடையே உண்டு. அரசபனையும் அதன் சகோதரமான கோவாப் பனையும் பங்களா வாசல்களிலே தூண்களாக நிற்கும்போது, தண்டின் நடுப்பாகம் பருத்து, சிற்றோலைகள் பல திசையிலும் சிலிர்த்து நின்றால் அரசபனையென்றும், தண்டு ஒரே சீராக எழும்பி, அடியோலைகளும் கிடைமட்டத்துக்குக் கீழே தாழாதிருந்தால் கோவாப் பனையென்றும் கொள்ளலாம். பேராதனையிலே 1905-இல் கோவாப் பனைகளையும் 1950-இல் அரசபனைகளையும் வரிசையாக வைத்த இரு சாலைகள் உள்ளன. சந்தேகமுள்ளவர்கள் ஒரே நாளிலே இரண்டிலும் நடந்து பார்த்தால் பிறகு ஒருபோதும் மயங்கார்கள். விசிறி வாழையைப் பற்றி நீளச் சொல்லவேண்டியதில்லை: வீட்டு முகப்புக்களிலே பெருமையோடு நிற்கும் அது பனையே அன்று.

இந்த ஒழுங்கு குலைந்த வரலாறு வேதனைக்குரியது. 1983 ஜூலையிலே இப்பகுதியின் தமிழர் வீடுகள் தீக்கிரையாக்கப்பட்டபோது, வளர்த்தவர்கள் அகதிகளாய்க் கப்பலேறினார்கள், பலர் திரும்பிவரவில்லை. வெளிப்புறம் கருகினாலும் உச்சியிலுள்ள குருத்துப் பிழைத்திருந்தால் மீண்டும் ஓலை விடக்கூடியவை பனையினங்கள். சொந்தக்காரரில்லாத வளவிலே அவற்றுக்கு நீர் வார்ப்பவர் யார்? அதே 1983-ஆம் வருஷத்திலேதான் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மலைப்பகுதி ஒன்றிலுள்ள நரிவாற்பனைக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டப்பட்டது; அம்மலையின் தாவரங்களைப் பற்றிய பரம்பரை அறிவை உடையவராயிருந்த வொட்யெற்றி என்ற ஆதிவாசிப் பெரியவரின் பெயரையே அதற்கு இட்டார்கள். இன்று கொழும்பின் தொடர்மாடிகளின் வாசலிலே காணப்படுவது அந்தப் பனை. பழைய வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலத்திலும் வானுயர்ந்த குடியிருப்புக்கள் எழுந்துவிட்டன; பங்களா வளவுகள் பல ஆறு பேர்ச்சு, எட்டுப் பேர்ச்சாகச் சுருங்கிவிட்டன. பின்வளவு என்பதே இல்லாதொழிந்தபின், முன்முற்றத்து வழக்கம் மாத்திரம் வாசற்காவலனின் கூண்டருகே தொடர்கிறது.

இத்தனைக்கும் இத்தீவுக்கே உரிய, உலகில் வேறெங்குமில்லாத பனையினங்கள் நம்மிடம் இருக்கின்றன. சிங்களத்திலே தொத்தலு என்று வழங்கும் சிறுபனை ஈரவலயக் காடுகளின் பாறைச் சரிவுகளிலே வளர்வது. அதன் பேரினம் முழுவதுமே இலங்கைக்கு மாத்திரம் சொந்தம். மெலிந்த தண்டுகளோடு நிழலிலே வளரும் காட்டுக்கமுகு ஒன்றும், முள்நிறைந்த கட்டுக் கித்துளும் அவ்வாறே. மடகாஸ்கரையும் மனிலாவையும் வாசலிலே வைத்துப் போற்றிய நாம், இவற்றை ஒரு சாடியிலேனும் வைத்ததில்லை. கொழும்பின் மழை இவற்றுக்குப் போதும். நிழலும், நீர் தேங்காத ஈரமும் வேண்டும். காட்டிலிருந்து பிடுங்காமல், தாவரத் தோட்டத்திலே விளைந்த வித்தை உலரவிடாது உடனே ஊன்றவேண்டும். தனியார் வளவுகளிலே இடமில்லாவிடினும் ஹெவ்லொக் பூங்காவிலே பெருமரங்களின் நிழல் இருக்கிறது. மாநகரசபை அங்கே இவற்றைக் கமுகோடும் கித்துளோடும் ஒரு வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் மும்மொழியிலும் பெயரெழுதி வைக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.