நீலத்தில் தெய்வம் அரிதானது ஏன்? கண்டி மலைக்கல்லும் உரோமச் செதுக்குமணியும்

கண்டியில் இரத்தினக்கல் கடை ஏறுபவருக்குச் இலங்கைக் கல் சொலமன் மன்னனை எட்டிய கதை இலவசம். அந்த மயக்கத்திலேயே, மினர்வாவும் மெடூசாவும் குழித்துச் செதுக்கப்பட்ட உரோம மோதிரமணிகளும் இம்மலைகளின் கல்தான் என்று நம்பிவிடுவது எளிது. கல் உரோமை எட்டியிருக்கலாம். உருவத்துக்கு உகந்த கல் அதுவா என்பதே என் ஐயம்.

மகாவலியின் கிளையான அம்பன் கங்கைக் கரையில் எலஹெர இருக்கிறது. அங்கு வண்டலில் அரித்தெடுக்கும் நீலம், குருந்த இனத்தைச் சேர்ந்தது. மோவின் அளவுகோலில் அதன் வன்மை 9. உரோமர் பெரிதும் செதுக்கிய சூதுபவளம் 7.

நீலத்தில் உருவம் அரிதானதற்கு வன்மையை மட்டும் காரணமாக்கினால் உரோம எழுத்தாளர் பிளினி குறுக்கே வருவார். வைரச் சில்லை இரும்பில் பதித்து எந்த வன்கல்லையும் குடையலாம் என்கிறது அவரது இயற்கை வரலாற்று நூலின் 37ஆம் புத்தகம். உரோமர் நீல மணிகளைத் துளையிட்டுக் கோத்தும் இருக்கிறார்கள். ஆகவே முடியாத வேலை அன்று. ஆனால் ஒரு துளை வேறு, மெடூசாவின் பாம்புக் கூந்தல் வேறு. எங்கள் பட்டறைகளில் ஹனபொருவை என்னும் தீட்டுசக்கரத்தை வில்லால் இழுத்துக் கல் தீட்டிய கைகளுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

பிளினி தரும் இன்னொரு குறிப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது: முத்திரை பதிக்கும்போது மெழுகு ஒட்டாமல் விடுபடும் கல் சார்டோனிக்ஸ். தெய்வ உருவம் பல மோதிரங்களில் ஒருவரின் கையொப்பம். அகுஸ்துஸ் முதலில் ஸ்பிங்ஸையும், பின் அலெக்சாந்தரையும், கடைசியில் டியோஸ்கூரிடீஸ் செதுக்கிய தம் முகத்தையும் முத்திரையாக்கினார். மெழுகுக்கு நிறம் தெரியாது. நீலத்தின் விலையோ நிறத்திலும் ஒளியிலும் இருக்கிறது. அதைக் குடைந்தால் முதல் குறையும்.

விதிவிலக்கு உண்டு. இரண்டாம் கொன்ஸ்தாந்தியுஸ் காட்டுப்பன்றி வேட்டையாடும் பெரிய நீலக்கல்லில், கப்படோக்கிய நகரமான செசரியா ஒரு பெண்ணுருவாகச் சாய்ந்திருக்கிறாள். பேரரசனுக்கு உழைப்பின் கூலி பொருட்டன்று.

நம் பக்கத்துக் கடற்கரைகளிலும் உருவமணிகள் கிடைத்துள்ளன. கேரளத்தில் பட்டணம் என்னும் ஊரின் அகழ்வில் ஸ்பிங்ஸ் முத்திரை மோதிரம் கிடைத்தது 2020இல் வெளிவந்தது. அக்கல் வரிகொண்ட அகேட், நீலம் அன்று. அரிக்கமேட்டில் கியூபிட்டும் பறவையும் கொண்ட, ஓரம் சீர்செய்யப்படாத பளிங்குமணியைக் கண்டு, செதுக்குபவர் அங்கேயே இருந்து வேலை செய்தார் என்று அகழ்ந்தோர் கருதினர். வணிகர் தங்கிய துறைகளில் மெழுகும் முத்திரையும் புழங்கின. நதி வண்டலில் அவற்றைத் தேடுவது வீண்.

மலைநாட்டின் பங்கை அறிய வேண்டுமானால், உரோம அணிகளில் செதுக்கப்படாமல் மெருகு மட்டும் ஏற்றிய நீலங்களைப் பார்க்க வேண்டும். அவற்றின் உட்கலப்புகளையும் சுவட்டு மூலகங்களையும் எலஹெர, இரத்தினபுரிக் கற்களோடு ஒப்பிடுவது ஆய்வுகூட வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல், தொல்லியல் துறைகள் இதில் கைகோக்க வேண்டும்.