மண் சலிக்கும் சிக்லிட்: ஜியோபேகஸ்

தென்னமெரிக்க நதிகளின் அடிமணலை வாய் நிறைய அள்ளி, அதில் மறைந்துள்ள சிற்றுயிர்களைப் பிரித்து உண்டு, மணலை மட்டும் வெளியே விட்டுவிடும் ஸ்வபாவமுள்ள சிக்லிட் மீன்களின் பேரினம் ஜியோபேகஸ் எனப்படும். யோஹான் நாட்டரர் 1817 முதல் 1835 வரை பிரேஸிலில் தங்கிச் சேகரித்த மீன்களை வியன்னாவில் ஆராய்ந்த யோஹான் ஹெக்கெல், 1840-ஆம் ஆண்டில் இப்பேரினத்தை வகுத்தார். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் அன்றாடம் விற்பனையாகும் ஏஞ்சல், ஆஸ்கார், டிஸ்கஸ் ஆகியவை இதன் நெருங்கிய சுற்றத்தார். திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இக்குடும்பம் அந்நியமன்று; பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுவோர் நன்கறிந்த சேத்தக்கெண்டையும், உள்ளங்கையில் அடங்கிவிடும் செல்லக்காசும் சிக்லிட்களே. பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக், 1790-இல் சேத்தக்கெண்டையையும் அதற்கடுத்த ஆண்டிலேயே சுரினாம் தேசத்து மண் சலிக்கும் மீனையும் விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். கடல்களால் பிரிக்கப்பட்ட ஒரே வம்சத்தின் இரு கிளைகள் இவ்வாறு ஒருவருடைய மேஜையின்மீது அடுத்தடுத்து வந்து சேர்ந்தன.

இம்மீனின் சிறப்பு முழுவதும் அதன் ஆகார முறையில் இருக்கிறது. நீண்டு சரிந்த முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஏறக்குறையக் கண்கள்வரை மணலில் புதைத்து, ஒரு வாய் அள்ளிக்கொண்டு சற்றே மேலெழுந்து நின்று, மெல்லுகிற பாவனையில் தாடைகளை அசைக்கும். அப்போது நுண்மணல் இரு செவுள் மூடிகளின் இடுக்கிலிருந்தும் தாரையாக வழிய, பருமணலை வாயாலேயே உமிழ்ந்துவிட்டு, இரண்டு விரற்கடை தள்ளி மீண்டும் குனியும். முறத்தில் புடைக்கும்போது உமி விலகித் தானியம் தங்குவதுபோல, மணல் விலகிப் புழுவும் பூச்சி முட்டையும் தொண்டையில் தங்குகின்றன. விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதியும் இவ்வேலையிலேயே கழிவதால், மணலற்ற வெறுங்கண்ணாடித் தொட்டியில் இதனை வளர்ப்பது, அது உயிரோடிருந்தபோதிலும், அதற்கு இழைக்கும் அநீதியே என்பது இக்கட்டுரையாளரின் திடமான அபிப்பிராயம்.

ஆகவே மணலைப் பற்றிய சிரத்தை முதலில் வேண்டும். கட்டடங்களுக்கு இப்போது பெரிதும் உபயோகமாகும் எம்-சாண்ட், கருங்கல்லை நொறுக்கிச் செய்யப்படுவதாதலால் ஓரங்கள் கூர்மையானவை. செவுளின் மென்மையான இழைகளை அவை கீறிப் புண்ணாக்கும். கடற்கரை மணலோ கிளிஞ்சல் தூள் கலந்தது. ஜலத்தின் கடினத்தன்மையை நாளுக்கு நாள் ஏற்றிவிடும். நீரோட்டத்தில் உருண்டு மழுங்கிய ஆற்றுமணலே உகந்தது. கட்டுமானப் பொருள் விற்கும் கடையில் பூச்சு வேலைக்கென்று தரும் ஆற்றுமணல் ஒரு மூட்டை வாங்கி, நுண்சல்லடையில் சலித்து, அலசிய நீர் தெளியும்வரை பலமுறை கழுவிப் பரப்பவேண்டும். 4 அடி நீளமும் 1½ அடி அகலமும் உள்ள தொட்டியில் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப ஏறத்தாழ 40 கிலோ மணல் செலவாகும். கற்களை மணலின்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே நிறுத்திப் பிறகு மணலிடுவது அவசியம். இல்லையேல் மீன் அடியைத் தோண்ட, கல் சாய்ந்து கண்ணாடி உடையும். மணலுக்கடியில் புதைக்கும் வடிகட்டி இங்கே பயனற்றது. ஸ்பாஞ்ச் வடிகட்டியோ, மணல் ஏறாத உயரத்தில் உறிஞ்சுகுழாய் அமைந்த வெளிவடிகட்டியோ போதும். வேரூன்றும் செடிகள் ஒரே இரவில் பிடுங்கப்பட்டு மிதக்குமாதலால், கட்டையில் கட்டிவைக்கும் அனுபியாஸ் போன்றவற்றோடு திருப்தியடைவதே விவேகம்.

ஜலத்தைப் பொறுத்தவரை இம்மாவட்டம் வளர்ப்பவருக்கு ஒரு பரீட்சையையே வைக்கிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகையாக இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் உட்புகுந்தது 1960-களின் இறுதியிலேயே அறியப்பட்டது. அக்கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு இன்றும் தீரவில்லை. அமேசான் பிரதேசத்து ஜியோபேகஸ் இனங்களோ உப்பும் சுண்ணமும் மிகக் குறைந்த, சற்றே அமிலச் சார்புள்ள மெல்லிய நீரில் பழகியவை. அவற்றை வளர்க்க விரும்புவோர் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்தோ மழைநீரைத் தேக்கியோ கடினத்தைக் குறைக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை தாராளமாகப் பெய்யும் ஊர்தான். ஆயினும் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைப்போல் உருக்கு ஆலைகள் சூழ்ந்த இடங்களில் கூரைமேல் படிந்த கரியும் உலோகத்தூளும் முதல் மழையில் கரைந்து வரும் என்பதை நினைவிற்கொண்டு, கூரை நன்றாகக் கழுவப்பட்டபின் வரும் நீரையே பிடிப்பது நலம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பின் ஹைப்போ இட்டு நீக்கலாம்.

இவ்வளவு பிரயாசை இல்லாமல் இங்குள்ள நீரிலேயே செழிப்பது முத்துச் சிக்லிட் என்று வழங்கும் ஜியோபேகஸ் பிரசிலியென்சிஸ். கோய், கெய்மார் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 1824-இல் விவரித்த இவ்வினம், பிரேஸிலின் கடலோர நதிகளிலும் கழிமுகங்களிலும் வாழ்வதால் கடின நீரையும் ஓரளவு உவர்ப்பையும் தாங்கும். ஒரு சாணுக்குக் குறையாமல் வளரும். உடலெங்கும் முத்துப்போன்ற புள்ளிகளும், விலாவின் நடுவே ஒரு கரும்புள்ளியும் உண்டு. முதிர்ந்த ஆணின் நெற்றி புடைத்திருக்கும். 20 முதல் 27 டிகிரி வெப்பம் இதற்கு இதம். அக்னி நட்சத்திரக் காலத்தில் தொட்டிநீர் 32 டிகிரியைத் தாண்டும்போது பிராணவாயு குறையுமாதலால், தொட்டியைக் கூடத்தின் குளிர்ந்த சுவரோரத்தில் வைப்பதும், மின்வெட்டின்போது இயங்கும் பாட்டரி ஏரேட்டர் ஒன்றை வைத்துக்கொள்வதும் உசிதம். வாரந்தோறும் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றத் தவறினால் நைட்ரேட் பெருகும். அத்தகைய நீரில் தலையில் குழிகள் விழும் நோய் எளிதில் தோன்றும். மூழ்கும் சிறு குருணைத்தீவனம், செம்புழு, மொய்னா ஆகியவற்றைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பலமுறை தருவது, ஒரே வேளையில் வயிறு நிறையத் தருவதைவிட நல்லது.

இனவிருத்திக்கு ஆணையும் பெண்ணையும் தேர்ந்து சேர்ப்பதைவிட, ஏழெட்டுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவை தாமே ஜோடி சேர்வதற்கு இடமளிப்பதே பலன் தரும். ஜோடி சேர்ந்தவை தட்டையான கல்லையோ கவிழ்த்த பூந்தொட்டி ஓட்டையோ வாயால் துடைத்துச் சுத்தம் செய்யும். அப்போதே அருகில் பாத்திபோன்ற பள்ளங்கள் தோண்டப்படுவதைக் கண்டால், சில நாட்களில் முட்டை எதிர்பார்க்கலாம். பெண் வரிசையாக முட்டையிட்டுச் செல்ல ஆண் பின்தொடர்ந்து கருவூட்டும். முட்டைகள் பல நூறு இருக்கும். தாய் அவற்றின்மேல் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்க, தந்தை எல்லையைக் காக்கும். ஏறக்குறைய மூன்று நாட்களில் பொரித்தவுடன், நீந்தத் தெரியாத அச்சிசுக்களைப் பெற்றோர் வாயில் கவ்விக்கொண்டுபோய் முன்பே தோண்டிய பள்ளத்தில் இடுவதும், மறுநாள் வேறொரு பள்ளத்துக்கு மாற்றுவதும், உணவுக்காகத் தோண்டிய அதே வாய் சந்ததிக்காகத் தோண்டுவதும் காணத்தக்க காட்சி. மேலும் நாலைந்து நாட்களில் குஞ்சுகள் கூட்டமாக எழுந்து நீந்தும். அன்றிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா ஊட்டலாம். முதல் ஈட்டை இளம் ஜோடி தின்றுவிடுவது சகஜம். அதற்காக அவற்றைப் பிரிக்கவேண்டுவதில்லை.

கொலம்பியாவின் மக்தலேனா நதியைச் சேர்ந்த ஜியோபேகஸ் ஸ்டைன்டாக்னெரி இதற்கு நேர்மாறானது. ஆணின் தலைமேல் சிவந்த திமில் எழும். ஜோடி வாழ்க்கை கிடையாது. பெண் முட்டைகளை இட்ட கணமே வாயில் எடுத்துக்கொண்டு, மூன்று வாரமளவும் குஞ்சுகளை வாயிலேயே சுமக்கும். ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்று வைத்தால்தான் ஆணின் தொந்தரவு ஒருத்திமேலேயே விழாது. சுரினாம் குழுவின் பல இனங்களில் தாயும் தந்தையும் மாறி மாறி வாயில் சுமப்பதுண்டு.

முத்துச் சிக்லிட் இவ்வூர் நீருக்கு எவ்வளவு இசைந்ததோ அவ்வளவுக்கு அபாயமும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரைச் சுற்றியுள்ள ஆறுகளில் இம்மீன் குடியேறி நிலைத்துவிட்டது. நம் நாட்டுக்கு 1952-இல் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை ஏரி குளங்களில் எப்படிப் பெருகிற்று என்பதை நம் மீனவர்கள் சொல்லக் கேட்கலாம். ஆரணியாறு பொன்னேரி வழியாகச் சென்று பழவேற்காட்டில் கலக்கிறது. உவர்ப்பைத் தாங்கி, மணலில் பள்ளம் தோண்டிக் குஞ்சு காக்கும் ஓர் அந்நிய மீன் அங்கு சென்றடைந்தால், அதே முறையில் அங்கு வாழும் சேத்தக்கெண்டையின் முட்டையிடும் இடங்களுக்கே போட்டியாகும். எனவே புழல், செங்குன்றம் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டிப் பண்ணைகளைப்போல் திறந்தவெளியில் வளர்ப்போர், 2015 டிசம்பரில் வந்ததுபோன்ற வெள்ளத்திலும் வழிந்தோடாத உயரத்துக்குச் சுவரெழுப்பி, வெளியேற்றுக் குழாயில் குஞ்சும் நுழையாத நுண்வலை கட்டவேண்டும். ஓர் ஈட்டிலேயே நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வருமாதலால், அவற்றை வாங்கிக்கொள்ளும் கடையையோ வளர்ப்பவரையோ உறுதி செய்துகொண்ட பின்னரே ஜோடிக்குக் கல் வைக்கலாம். விற்காத குஞ்சை ஏரியில் விடுவது எக்காரணத்தாலும் கூடாது. கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் விடாமல், வீட்டுத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சுவது உத்தமம்.