தரையில் வழி தவறிய விமானங்கள்

1999 டிசம்பர் 6, இரவு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் விமான நிலையம் மூடுபனியில் மூழ்கிக் கிடந்தது. அப்போதுதான் தரையிறங்கிய யுனைடெட் நிறுவனத்தின் போயிங் 757 விமானம் முனையத்துக்குப் போகும் வழியில் தவறான பக்கம் திரும்பியது. சற்று முன் இறங்கிய அதே ஓடுபாதைக்குள் மறுபடியும் வந்து நின்றது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடாரும் அங்கே கிடையாது. தாங்கள் ஓடுபாதை மேல் நிற்பதாக விமானிகள் சொல்லச் சொல்லவே, ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் ஒன்று மிக அருகில் இரைந்துகொண்டு கிளம்பிப் போனது.

கோபுரத்துக்கு அப்போதும் நிலைமை பிடிபடவில்லை. அடுத்ததாகக் காத்திருந்த யுஎஸ் ஏர்வேஸின் மெட்ரோஜெட் விமானத்துக்குப் புறப்படும் அனுமதி கொடுக்கப்பட்டது. அதன் விமானிகள் மறுத்துவிட்டார்கள். வழி தவறிய விமானம் எங்கே நிற்கிறது என்று தெரியும்வரை எந்த ஓடுபாதைக்குள்ளும் வரமாட்டோம் என்று வானொலியிலேயே சொல்லிவிட்டு அசையாமல் நின்றார்கள். அன்று யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

கையில் அனுமதி இருந்தும் நகராமல் நின்ற அந்த விமானிகளின் செயல், விமானத் தொழில் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்ற பழக்கம். அந்த விலை பெரும்பாலும் வானில் கொடுக்கப்படவில்லை. சக்கரங்கள் தரையில் உருளும்போது கொடுக்கப்பட்டது.

தொடக்கத்தில் வழி தவறுவதற்கே இடமிருக்கவில்லை. அக்காலத்து விமானத் திடல்கள் பல வெறும் புல்வெளிகள். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்துக் கிளம்புவார்கள். 1929இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் திடலில் ஆர்ச்சி லீக் என்பவர் தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, மதியச் சாப்பாடு, கொடிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓரமாகப் போய் நிற்பார். கட்டம் போட்ட கொடியைக் காட்டினால் போகலாம், சிவப்புக் கொடியைக் காட்டினால் நிற்க வேண்டும். அமெரிக்காவின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அவரே. அவரும் விமானியும் ஒருவரையொருவர் கண்ணால் பார்க்க முடிந்தவரை இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

ஜெட் யுகம் அந்தப் பார்வையைப் பறித்தது. பல ஓடுபாதைகள், அவற்றை முனையத்தோடு இணைக்கும் எண்ணற்ற டாக்ஸிவேக்கள், எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்ப் பலகைகள் என்று விமான நிலையம் விரிந்துகொண்டே போனது. டாக்ஸிவேயின் ஓரத்தில் நீல விளக்கு, நடுவில் பச்சை விளக்கு, ஓடுபாதையின் ஓரத்தில் வெள்ளை விளக்கு என்று நிறங்கள் வகுக்கப்பட்டன. ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தும், தரையில் நான்கு மஞ்சள் கோடுகளும் இருக்கும். அவற்றில் இரண்டு முழுக்கோடுகள், இரண்டு விட்டுவிட்டு வரைந்தவை. முழுக்கோட்டின் பக்கம் இருப்பவர் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. படிப்பதற்கு எளிய விதிதான். மூடுபனியில் அந்தக் கோடே கண்ணில் படாமல் போவதுதான் ஆபத்து.

1977 மார்ச் 27. கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே போக வேண்டிய விமானங்கள் பக்கத்துத் தீவான டெனரீஃபின் சிறிய லோஸ் ரோதியோஸ் நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. நிறுத்துமிடம் நிரம்பி, டாக்ஸிவேயும் அடைபட்டுப் போனது. புறப்பட வேண்டியவர்கள் ஓடுபாதையின் மேலேயே ஊர்ந்து மறுமுனைக்குப் போகவேண்டிய நிலை. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே உள்ள அந்தத் திடலில் மேகமே தரையில் இறங்கித் தவழும். டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் 747 முதலில் சென்று மறுமுனையில் திரும்பி நின்றது. பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 அதன் பின்னே ஊர்ந்து வந்தது. மூன்றாவது திருப்பத்தில் ஓடுபாதையை விட்டு வெளியேற வேண்டும் என்பது அதற்கு வந்த உத்தரவு. அந்தத் திருப்பமோ 747 போன்ற பெரிய விமானம் வளைவதற்குக் கடினமான கோணத்தில் இருந்தது. பான் ஆம் அதைத் தாண்டி அடுத்ததை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

புறப்பட்ட பின் எந்த வழியில் பறக்க வேண்டும் என்ற அனுமதிதான் கேஎல்எம்முக்குக் கிடைத்திருந்தது. ஓடுபாதையில் ஓடிக் கிளம்பும் அனுமதி வரவில்லை. துணை விமானி வானொலியில் சொன்ன வாக்கியம் இரண்டுக்கும் இடையில் தொங்கியது. பொறு, நான் கூப்பிடுகிறேன் என்று கோபுரம் சொன்ன அதே நேரத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் சொன்னது. இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதியதால் கேஎல்எம் விமானி அறையில் கீச்சொலிதான் மிஞ்சியது. பான் ஆம் இன்னும் வெளியேறவில்லையா என்று கேஎல்எம்மின் விமானப் பொறியாளர் மட்டும் கேட்டார். கேப்டன் யாக்கோப் வெல்டுய்சன் வான் சாண்டன் அந்த நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே தலைவராக இருந்தவர். வெளியேறிவிட்டது என்று அவர் உறுதியாகச் சொன்னதும் பொறியாளர் மேற்கொண்டு பேசவில்லை. கிளம்ப ஓடிய கேஎல்எம், பான் ஆம் மேல் மோதியது. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஒரே விபத்தில் இவ்வளவு பேர் வேறு எப்போதும் இறந்ததில்லை.

பொறியாளருடைய கேள்வி சரியான கேள்வி, சரியான நேரத்தில் கேட்கப்பட்ட கேள்வி. அதை இரண்டாம் முறை கேட்பதற்கான பழக்கமும் உரிமையும் அந்த அறையில் இல்லாமல் போயின. விபத்துக்குப் பின் வந்த மாற்றங்களில் ஒன்று சொல்லாட்சி பற்றியது: ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை உண்மையில் கிளம்பும் அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதைவிட ஆழமான மாற்றம் பயிற்சியில் நடந்தது. 1979இல் நாசா நடத்திய பட்டறையைத் தொடர்ந்து, கேப்டனிடம் மற்றவர்கள் மறுத்துப் பேசுவதையும் கேப்டன் அதைக் காதில் வாங்குவதையும் பாடமாகவே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். 1981இல் அமெரிக்கா இன்னொரு விதியைக் கொண்டுவந்தது: தரையில் ஊர்வது உட்பட முக்கியமான கட்டங்களில் விமானி அறையில் வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது.

பாடம் மெதுவாகத்தான் பரவியது. 1983 டிசம்பரில் மாட்ரிட்டில் பனியில் வழி தவறிய டிசி-9 ஒன்று ஓடுபாதைக்குள் போய், கிளம்பிக்கொண்டிருந்த ஐபீரியா 727 விமானத்தின் குறுக்கே வந்தது. 93 பேர் பலியானார்கள்.

இந்த வரலாற்றில் தனியாக நின்று பார்க்க வேண்டிய இடம் டெட்ராய்ட். 1990 டிசம்பர் 3 அன்று, மீண்டும் பனி, மீண்டும் ஒரு டிசி-9. நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் அந்த விமானத்துக்குக் கேப்டனாக இருந்தவர் நெடுங்கால மருத்துவ விடுப்புக்குப் பின் அண்மையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். துணை விமானியோ தனக்கு அந்த நிலையம் நன்றாகத் தெரியும் என்ற எண்ணத்தை ஏற்படுத்தியிருந்தார். கேப்டன் அவரை நம்பி ஓட்டினார். திருப்பம் தவறியது. எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் இருவருக்கும் இருந்தும் சக்கரம் நிற்கவில்லை, கோபுரத்துக்கும் உடனே சொல்லவில்லை. கடைசியில் ஓடுபாதைக்குள் வந்துவிட்டதை உணர்ந்து சொன்னபோது, அதே நிறுவனத்தின் 727 எதிரே வேகமெடுத்து வந்துகொண்டிருந்தது. அதன் இறக்கை டிசி-9இன் பக்கத்தைக் கிழித்துச் சென்றது; எட்டுப் பேர் இறந்தார்கள். கேப்டனும் துணை விமானியும் பொறுப்பை இடம் மாற்றிக்கொண்டதையும், நின்று சொல்லத் தவறியதையும் விசாரணை அறிக்கை முதன்மைக் காரணமாக எழுதியது. டெனரீஃபில் ஒருவர் மிஞ்சிய உறுதியோடு இருந்தார் என்றால் இங்கே இருவருமே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். எனக்கு வழி தெரியவில்லை என்ற மூன்று சொற்கள் இங்கே உரிய நேரத்தில் வெளியே வரவில்லை.

இன்றைய விமானிகளின் பழக்கங்களைப் பார்த்தால் அந்த மூன்று சொற்களைச் சொல்ல வைப்பதற்காகவே அமைந்தவை போலத் தோன்றும். பிரேக்கை விடுவிக்கும் முன்பே நிலையத்தின் வரைபடத்தை எடுத்துவைத்து, எந்த டாக்ஸிவே வழியாகப் போகப் போகிறோம், எந்த ஓடுபாதைகளைக் கடக்க வேண்டும், முன்பு பலர் தடுமாறிய இடங்கள் எவை என்று பேசிக்கொள்கிறார்கள். கோபுரம் சொல்லும் வழியை எழுதிக்கொள்கிறார்கள். நில், கடந்து போ, உள்ளே வா என்ற ஒவ்வொரு உத்தரவையும் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் வரைபடத்தைப் பார்த்து அடுத்த திருப்பத்தை முன்கூட்டியே சொல்கிறார். கடக்கும் ஓடுபாதையில் யாரும் வரவில்லை என்று இடமும் வலமும் பார்த்து வாய்விட்டுச் சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும், கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஓடுபாதைக்குள் வந்துவிட்டதாகத் தோன்றினால் மட்டும் முதலில் அதைவிட்டு வெளியேற வேண்டும்.

இவற்றில் பலவற்றின் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் லெக்சிங்டனில் கொமேர் நிறுவனத்தின் விமானம் நீண்ட ஓடுபாதை 22க்குப் பதிலாகக் குட்டையான 26இலிருந்து கிளம்ப முயன்றது. 50 பேரில் ஒருவரே பிழைத்தார். ஓடுபாதையின் எண் திசையைக் குறிப்பது. கிளம்பும் முன் அதைத் திசைகாட்டியோடு ஒப்பிடும் வழக்கத்துக்கு அந்த விபத்து அழுத்தம் கொடுத்தது. அப்போது அமெரிக்காவில், புறப்படும் ஓடுபாதைக்குப் போ என்று ஒரு முறை சொன்னால் வழியில் உள்ள மற்ற ஓடுபாதைகளைக் கடக்கும் அனுமதியும் அதற்குள் அடக்கம். 2010இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனி அனுமதி வேண்டும் என்றானது.

ஆனால் விமானி மட்டும் கவனமாக இருந்தால் போதாது என்பதற்கு மிலானின் லினாத்தே நிலையம் சாட்சி. 2001 அக்டோபர் 8, அடர்பனியில் ஒரு சிறிய செஸ்னா விமானம் ஆர்5 வழியாகப் போகச் சொல்லப்பட்டு ஆர்6 வழியில் நுழைந்தது. விமானி தரையில் கண்ட எஸ்4 என்ற குறியீட்டைக் கோபுரத்துக்குச் சொல்லவும் செய்தார். அந்தக் குறியீடு இருப்பதே கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது; எனவே எச்சரிக்கை அங்கேயே கரைந்தது. பழைய தரை ரேடார் 1999இல் நிறுத்தப்பட்டிருந்தது, புதியது இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. செஸ்னா ஓடுபாதைக்குள் வந்தபோது எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-87 கிளம்பிக்கொண்டிருந்தது. 118 பேர் இறந்தார்கள். தான் பார்த்ததை உண்மையாகச் சொன்ன ஒரு விமானியின் வார்த்தை மறுமுனையில் புரிந்துகொள்ளப்படாமல் போனதுதான் இதில் மனத்தை வதைக்கும் செய்தி.

பின்னாளில் தரை ரேடார்கள் பெருகின, தான் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடங்கள் விமானி அறைக்குள் வந்தன, ஓடுபாதையை நெருங்கினால் குரலால் எச்சரிக்கும் கருவிகள் வந்தன. இவற்றை மீறியும் 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடாவில் விபத்து நடந்தது. முதல் நாள் நோத்தோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்கான நிவாரணப் பொருள்களோடு கிளம்பவிருந்த கடலோரக் காவல் படை விமானத்திடம், சி5 காத்திருப்பு இடத்துக்கு வா, வரிசையில் நீ முதலாவது என்ற பொருளில் கோபுரம் சொன்னது. விமானிகள் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். இருந்தும் உள்ளே வரலாம் என்று எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் ஏறி ஏறத்தாழ 40 விநாடி நின்றார்கள். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அவர்கள் மேல் மோதியது. காவல் படை விமானத்தில் ஐவர் இறந்தார்கள். ஏ350இல் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து உயிரோடு வெளியேறினார்கள். காத்திருப்பு இடத்தின் சிவப்பு நிறுத்த விளக்குகள் பராமரிப்புக்காக அணைக்கப்பட்டிருந்தன. ஓடுபாதையில் விமானம் இருப்பதைக் கட்டுப்பாட்டாளரின் திரை காட்டியது, யாரும் கவனிக்கவில்லை.

சில நாள்களில் ‘நம்பர் ஒன்’ என்று வரிசை சொல்வதை ஜப்பான் நிறுத்திவைத்தது. ஜனவரி 6 முதல், வேறு எந்த வேலையும் இல்லாமல் அந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஹனேடா கோபுரத்தில் தனியாக ஒரு கட்டுப்பாட்டாளர் அமர்த்தப்பட்டார்.