தோலாமையும் இடையறாமையும்: மு. கருணாநிதியின் சட்டமன்ற வாழ்வு

மு. கருணாநிதி அறுபது ஆண்டுகள் இடையறாது சட்டமன்ற உறுப்பினராக விளங்கினார் எனக் கூறுவோர் உளர். அவர் 13 தேர்தல்களில் நின்று 13இலும் வென்றமை மறுக்கவொண்ணா உண்மை. ஆயின் தோலாமை வேறு, இடையறாமை வேறு. இரண்டினையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகத் தேர்தலில் ஈடுபட்டது 1957இல் ஆகும். அன்று வென்ற பதினைவருள் ஒருவராகக் குளித்தலையினின்று அவை புகுந்த அவர், நங்கவரம் உழவர் சிக்கலையே தம் கன்னிப் பேச்சின் பொருளாகக் கொண்டார். 1962இல் தஞ்சாவூரில் வென்று எதிர்க்கட்சித் துணைத்தலைவரானார். 1967இல் சைதாப்பேட்டையில் வென்று பொதுப்பணித்துறை அமைச்சரானார். 1969இல் அண்ணா மறைந்தபின் முதலமைச்சரானார். 1971இல் சைதாப்பேட்டையும், 1977, 1980 ஆகிய ஆண்டுகளில் அண்ணாநகரும் அவரைத் தேர்ந்தன. 1980இல் அவர் பெற்ற வேற்றுமை 699 வாக்குகளே.

இனி, இடையீடுகளைக் காண்போம். 1976 ஜனவரியில் ஆட்சி கலைக்கப்பட, 1977 வரை அவையே இல்லை. 1983இல் இலங்கைத் தமிழர் உற்ற கொடுமையை முன்னிட்டு அவர் தாமே பதவி துறந்தார். 1984 பொதுத்தேர்தலில் நில்லாது மேலவை உறுப்பினரானார். 1986 நவம்பரில் மேலவை ஒழிக்கப்பட்டமையின், 1989 வரை எவ்வவையிலும் அவர்க்கு இடமில்லையாயிற்று. 1989இல் துறைமுகம் தொகுதியில் வென்று மீண்டும் முதலமைச்சரானார். மகளிர்க்குச் சொத்தில் சமவுரிமை நல்கிய சட்டம் அவ்வாட்சியின் பயனாகும். 1991 ஜனவரியில் அவ்வாட்சியும் கலைக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் அத்தொகுதியில் அவர் வென்றனர், கட்சியோ பெருந்தோல்வியுற்றது. அந்நிலையில் உறுப்பினர் பதவியைத் துறந்து, 1996 வரை அவைக்கு வெளியே நின்றார்.

இவற்றுள் 1976, 1986 ஆகியவை பிறர் செயலால் நேர்ந்தவை. 1983, 1991 ஆகியவை அவர் தாமே மேற்கொண்டவை. முன்னையதை அவையின்கண் ஆற்றும் உரையினும் வலிய உரை எனலாம். பின்னையதை அவ்வாறு கூற நமக்கு மனம் இசையவில்லை. எதிர்க்கட்சி மெலிந்திருந்த அவ்வேளையிலேயே தேர்ந்த நாவலரின் குரல் அவைக்கு மிகவும் வேண்டியிருந்தது. வாக்களித்த மக்களும் தம் உறுப்பினரை இழந்தனர்.

1996, 2001, 2006 ஆகிய ஆண்டுகளில் சேப்பாக்கத்திலும், 2011, 2016 ஆகிய ஆண்டுகளில் திருவாரூரிலும் வென்று, 2018 ஆகஸ்டு 7இல் உறுப்பினராகவே மறைந்தார். ஆகவே, அவரைத் தோலாதவர் என்பது முற்றும் பொருந்தும். இடையறாதவர் என்பது பொருந்தாது. இடையீடுகளை மறைத்துரைப்பின் அவர்தம் புகழ் மிகுவதன்று. அவர் எதன்பொருட்டுப் பதவியைத் துறந்தார் என்னும் வரலாறே மறையும் என்பது நம் துணிபு.