மார்பக உள்வைப்பு மறு அறுவை சிகிச்சை

மார்பில் முன்பே வைக்கப்பட்ட சிலிக்கோன் அல்லது உப்புநீர் உள்வைப்பை எடுப்பது, மாற்றுவது, இடம் திருத்துவது, அதைச் சுற்றி வளர்ந்த வடுத்திசு உறையைக் கீறுவது அல்லது அகற்றுவது ஆகிய அனைத்தும் மறு அறுவை சிகிச்சையில் அடங்கும். பெண்கள் இதை நாடுவதற்கான காரணங்களை மருத்துவக் கையேடுகள் உறைச்சுருக்கம், கிழிவு, இடப்பெயர்வு, அளவு மாற்றம் என்று அடுக்கிவிட்டு மேலே போய்விடுகின்றன. இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விபத்துகள் அல்ல. ஒரு தலைமுறை உள்வைப்பில் கண்ட குறையைப் போக்கச் செய்த மாற்றம், பெரும்பாலும் அடுத்த தலைமுறையின் மறு அறுவைக்குக் காரணமாயிற்று.

1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் முதல் சிலிக்கோன் ஜெல் உள்வைப்பைப் பொருத்தினர். டவ் கார்னிங் நிறுவனத்துடன் சேர்ந்து உருவான அந்த உள்வைப்பு கண்ணீர்த்துளி வடிவில், தடித்த மேலுறையும் கெட்டியான ஜெல்லும் கொண்டதாக இருந்தது. மார்புச் சுவரோடு ஒட்டி நிற்பதற்காக அதன் பின்புறத்தில் டேக்ரான் துணித்துண்டுகள் வைக்கப்பட்டன. அது எளிதில் கிழியாது. ஆனால் கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படும், சுற்றியுள்ள திசுவும் இறுகிப்போகும். எனவே எழுபதுகளில் மேலுறையை மெலிதாக்கி, ஜெல்லை இளக்கினார்கள். மார்பு மென்மையாயிற்று, உள்வைப்போ எளிதில் கிழிந்தது, கிழியாதபோதும் ஜெல் மேலுறை வழியே கசிந்தது. எண்பதுகளில் கசிவைத் தடுக்கும் அடுக்குகள் வந்தன. இதற்கிடையே 1964இல் பிரான்சில் உப்புநீர் நிரப்பும் வகை அறிமுகமாகியிருந்தது. அது உடைந்தால் மார்பு சுருங்குவதே காட்டிக்கொடுத்துவிடும், வெளியேறும் நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். ஆயினும் தோல் மெலிந்த பெண்களுக்கு அதன் மடிப்புகள் அலையலையாக வெளியே தெரியும். அதுவும் மறு அறுவைக்கு ஒரு காரணம்தான்.

எல்லாத் தலைமுறைகளுக்கும் பொதுவான காரணம் உறைச்சுருக்கம். அந்நியப் பொருள் எதுவானாலும் உடல் அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். இது நோயல்ல, அந்த உறை சுருங்கி உள்வைப்பை நெருக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஜேம்ஸ் பேக்கர் வகுத்த நான்கு படிநிலைகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன. முதல் நிலையில் மார்பு இயல்பாகவே இருக்கும். இரண்டாவதில் தொட்டால் சற்று இறுக்கம், பார்வைக்கு வேறுபாடில்லை. மூன்றாவதில் இறுக்கத்தோடு உருவமும் மாறும். நான்காவதில் மார்பு கல்லாகி, வலியெடுத்து, உருக்குலைந்திருக்கும். மறு அறுவை பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்றாம் நிலையில் எழுகிறது. அளவுகோல் மருத்துவரின் கையும் கண்ணும் என்பதால், இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையிலான கோடு ஆளுக்கு ஆள் நகரும். எழுபதுகளில் இதற்குக் கத்தியில்லா வைத்தியம் ஒன்று இருந்தது. மருத்துவர் மார்பை இரு கைகளாலும் பிடித்து, உள்ளே உறை கிழியும்வரை பலங்கொண்டு அமுக்குவார். உறையோடு சேர்ந்து உள்வைப்பும் கிழிந்ததால் அது கைவிடப்பட்டது.

உறைச்சுருக்கத்தைக் குறைக்கவே சொரசொரப்பான மேற்பரப்பு வந்தது. அது ஓரளவு பலன் தந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் உள்வைப்பைச் சுற்றிய உறையில் தோன்றும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் பெரிதும் சொரசொரப்பான வகைகளோடு தொடர்புடையது எனத் தெரியவந்தது. 2011இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தத் தொடர்பு இருக்கக்கூடும் என அறிவித்தது; 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயாக ஏற்றது. 2019 ஜூலையில் அந்த நிர்வாகம் உலகளவில் கணக்கிட்ட 573 நோயாளிகளில் 481 பேர் அலர்கன் நிறுவன உள்வைப்பு பெற்றவர்கள். அதே மாதம் அந்நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பான வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அறுவை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பக்க மார்பு திடீரென நீர்கோத்து வீங்குவதே முக்கிய அறிகுறி. நோய் உறுதியானால் உள்வைப்பும் உறையும் முழுதாக வெளியே வர வேண்டும். அறிகுறி இல்லாதவர் அச்சத்தால் மட்டும் அகற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பதே அந்நிர்வாகத்தின் நிலைப்பாடு. அரிய நோய் ஒன்றைத் தவிர்க்க, உறுதியான ஆபத்துகள் கொண்ட அறுவையை ஏற்பது சரியான கணக்காகாது.

பிரான்சின் பிஐபி நிறுவன விவகாரம் வேறு ரகம். அந்நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கோனை உள்வைப்புகளில் நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது. பிரான்சில் மட்டும் சுமார் 30,000 பெண்கள் அவற்றைப் பெற்றிருந்தனர். 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ளப் பரிந்துரைத்தது. மறு அறுவைக்கான காரணம் பெண்ணின் உடலிலோ விருப்பத்திலோ இல்லாமல் முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் இருந்த நிகழ்வு இது.

இவையெல்லாம் அழகு மோகத்தின் விலைதானே என்பது பரவலான மறுப்பு. அளவைக் கூட்டவோ குறைக்கவோ விரும்பி வருபவர்கள் உண்டு. பிள்ளைப்பேறும் எடை மாற்றமும் மாதவிடாய் நிற்பதும் மார்பின் வடிவை மாற்றிவிடுவதால் வருபவர்களும் உண்டு. ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன. அலர்கன் ஜெல் உள்வைப்புகளின் பத்தாண்டு ஆய்வில், அழகுக்காக முதன்முறை வைத்துக்கொண்டவர்களில் 36.1 விழுக்காட்டினர் மறு அறுவைக்கு உள்ளாயினர். மார்பகப் புற்றுநோய் போன்றவற்றால் மார்பை இழந்து மீட்டமைப்புக்கு வந்தவர்களில் அது 71.5 விழுக்காடு. (திசு மாதிரி எடுத்தல், வடுத் திருத்தம் போன்ற சிறு செயல்களும் இக்கணக்கில் சேரும்.) கதிர்வீச்சு பெற்ற மார்பில் உறைச்சுருக்கமும் மிகுதி. திறமையான கை இருந்தால் மறு அறுவை நேராது என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை: உள்வைப்பு கீழிறங்குவதிலும், இரண்டும் நடுவில் கூடி ஒட்டிக்கொள்வதிலும் உள்வைப்பு அமரும் உள்ளறையை மிகையாகப் பிரித்த கைக்குப் பங்குண்டு. உறை கட்டுவதோ உடலின் வேலை. பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. உள்வைப்பு ஆயுள் முழுதும் நீடிக்கும் கருவியல்ல என்பது வேறு, அதற்குக் காலாவதித் தேதி உண்டு என்பது வேறு.

களைப்பு, மூட்டுவலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றுக்காக அகற்றிக்கொள்ள வருவோர் அண்மையில் பெருகியுள்ளனர். அகற்றியபின் பலருக்கு நலம் கிட்டுகிறது, உறையை முழுதாக எடுத்தாலும் பகுதியாக எடுத்தாலும் பலனில் பெரிய வேறுபாடில்லை. தொல்லை எதுவும் உணராதவர்களுக்கும் கண்காணிப்பு தேவை: ஜெல் கிழிவு பெரும்பாலும் வெளியே தெரியாது என்பதால், அறுவைக்குப் பின் 5–6 ஆண்டுகளில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு 2–3 ஆண்டுக்கு ஒருமுறை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. கிழிந்த மேலுறை ஜெல்லுக்குள் சுருண்டு கிடப்பது எம்.ஆர்.ஐ. படத்தில் நூடுல்ஸ் போலத் தெரியும். உள்வைப்பை எடுத்தபின் புதியது எதுவும் வைக்காமல், தளர்ந்த தோலை உயர்த்தித் தைப்பதும், வயிறு அல்லது தொடையின் கொழுப்பைச் செலுத்துவதும் இப்போது நடைமுறையில் உள்ளன.