கதவைத் திறந்தவங்க

இரண்டாம் உலகப்போர் காலத்துச் சபைகள்னாலே போதகர்களைப் பத்திதான் பேசுறோம். இன்னைக்கு பெஞ்சுல உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பார்ப்போம்.

தெற்கு பிரான்ஸ் மலைமேட்டுல லெ ஷாம்போன்னு ஒரு ஊர். பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் விவசாயிகள். 1940-ல பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு யூத அகதிகள் இங்கே வர ஆரம்பிச்சாங்க. போதகர் ஆந்த்ரே த்ரோக்மே அருமையாப் பிரசங்கம் செய்தார், சரி. ஆனா பிரசங்கத்துல யாருக்கும் படுக்கை கிடைக்காதே! குளிர்ல வந்து நின்ன ஒரு யூதப் பெண்ணுக்குக் கதவைத் திறந்தது அவர் மனைவி மக்தா. பண்ணைவீடுகள்லயும் அதேதான். சாப்பாட்டு மேசையில கூடுதலா ஒரு தட்டு, போலி ரேஷன் கார்டு, போலீஸ் வந்தா காட்டுக்குள்ள ஒளிஞ்சுக்க ஏற்பாடு. 1942 கோடையில போலீஸ் பஸ்களோட வந்து பட்டியல் கேட்டப்ப, த்ரோக்மே தரல. ஊரும் வாய் திறக்கல.

ஏன் இந்த ஊர்? 1685-ல பதினான்காம் லூயி மன்னர் புராட்டஸ்டன்ட் வழிபாட்டைத் தடை செய்தப்ப, ஒளிஞ்சு ஜெபிச்சவங்களோட வாரிசுகள் இவங்க. ஒளிய இடம் தேடுறவனோட பயம் இவங்களுக்குக் கதையாவே தெரியும்.

விலையும் கொடுத்தாங்க. மாணவர் விடுதி நடத்தின தானியேல் த்ரோக்மே, போதகரோட உறவினர், 1943 ஜூன்ல தன் மாணவர்களோடயே கைதானார். 1944-ல மைதானெக் முகாம்ல இறந்தார்.