துனிசியா தேர்தல்: 100 பேரில் 89 பேர் ஓட்டு போடாதது ஏன்? நடந்தது என்ன?

வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவில் 2022 டிசம்பர் 17-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. சுமார் 90 லட்சம் வாக்காளர்கள். பதிவான வாக்குகளோ வெறும் 11.2 சதவீதம்! ஓட்டு போடுவதற்காகவே புரட்சி செய்த நாட்டில், மக்கள் வாக்குச்சாவடி பக்கமே போகாதது ஏன்? எளிமையாகப் பார்க்கலாம்.

டிசம்பர் 17-ல் என்ன விசேஷம்?

2010-ம் ஆண்டு இதே நாளில்தான் சிடி பூசித் என்ற ஊரில், தள்ளுவண்டியில் பழம் விற்ற இளைஞர் முகமது புவாசிசி தீக்குளித்தார். அதிகாரிகள் அவருடைய சரக்கைப் பறிமுதல் செய்ததுதான் காரணம். அங்கு பற்றிய போராட்டம் நாடு முழுக்கப் பரவியது. 23 ஆண்டுகள் ஆட்சியில் இருந்த அதிபர் பென் அலி, 2011 ஜனவரி 14-ல் நாட்டை விட்டே ஓடினார். அரபு வசந்தம் தொடங்கியது இங்கேதான்.

அந்த நாளின் நினைவாகத்தான் தேர்தல் தேதி குறிக்கப்பட்டது. ஆனால் கொண்டாட ஆள் வரவில்லை.

முன்பெல்லாம் எவ்வளவு ஓட்டு விழுந்தது?

* 2014 நாடாளுமன்றத் தேர்தல்: சுமார் 68 சதவீதம்
* 2019 நாடாளுமன்றத் தேர்தல்: சுமார் 41 சதவீதம்
* 2022 டிசம்பர், முதல் சுற்று: 11.2 சதவீதம்

ஆக, சரிவு 2019-லேயே தொடங்கிவிட்டது. கட்சிகள் மாறி மாறி ஆட்சிக்கு வந்தன, ஆனால் வேலையின்மையும் விலைவாசியும் குறையவில்லை. ‘இவங்க வந்து என்ன கிழிச்சாங்க’ என்ற சலிப்பு அப்போதே மக்களிடம் இருந்தது. அந்தச் சலிப்புதான், எந்தக் கட்சியையும் சேராத சட்டப் பேராசிரியர் கைஸ் சையத்தை 2019-ல் 70 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி அதிபராக்கியது.

கைஸ் சையத் என்ன செய்தார்?

2021 ஜூலை 25-ல் பிரதமரை நீக்கிவிட்டு, நாடாளுமன்றத்தை முடக்கினார். அன்று இரவு பலர் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள் என்பதும் உண்மை. ‘இது ஆட்சிக் கவிழ்ப்பு’ என்றன எதிர்க்கட்சிகள். 2022 மார்ச்சில், முடக்கப்பட்ட எம்.பி.க்கள் ஆன்லைனில் கூடி அதிபரின் உத்தரவுகளை எதிர்த்து வாக்களித்தனர். அன்றைக்கே நாடாளுமன்றத்தைக் கலைத்தார் சையத்.

அடுத்து, 2022 ஜூலை 25-ல் புதிய அரசியல் சாசனத்துக்குப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஓட்டு போட்டது சுமார் 30 சதவீதம் பேர்தான். ஆனால் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ‘சரி’ என்றதால் சாசனம் அமலுக்கு வந்தது.

தேர்தல் விதிகளில் என்ன மாற்றம்?

முன்பு கட்சிப் பட்டியலுக்கு ஓட்டு போடுவார்கள். கட்சி வாங்கும் ஓட்டுக்கு ஏற்ப இடம் கிடைக்கும். புதிய சட்டத்தில் அது கிடையாது. தொகுதிக்கு ஒருவர், தனி நபராகத்தான் போட்டி. மொத்த இடங்களும் 217-லிருந்து 161 ஆகக் குறைந்தன.

போட்டியிட நினைப்பவர் தன் தொகுதியில் 400 வாக்காளர்களின் ஆதரவுக் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்கள், கால் பங்கு 35 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பது கட்டாயம். பிரசாரத்துக்கு அரசுப் பணமும் இல்லை.

விளைவு? 10 தொகுதிகளில் ஒரே ஒரு வேட்பாளர். வெளிநாடு வாழ் துனிசியர்களுக்கான 7 தொகுதிகளில் வேட்பாளரே இல்லை. முன்பு பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி இடம்பெற வேண்டும் என்ற விதி இருந்தது. பட்டியலே போனதால் அந்த விதியும் போனது. ஆயிரத்துச் சொச்சம் வேட்பாளர்களில் பெண்கள் சுமார் 120 பேர்தான்.

அப்படியானால் மக்கள் ஏன் போகவில்லை?

முதல் காரணம், என்னஹ்தா உள்ளிட்ட முக்கியக் கட்சிகள் தேர்தலைப் புறக்கணித்தன.

இரண்டாவது, வயிற்றுப்பாடு. அந்த நேரத்தில் பணவீக்கம் 10 சதவீதத்தைத் தொட்டது. சர்க்கரை, பால், பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கடை வாசலில் வரிசையில் நிற்பவருக்கு வாக்குச்சாவடி வரிசை பெரிதாகத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். புதிய சாசனப்படி பிரதமரை நியமிப்பதும் நீக்குவதும் அதிபர். அரசைக் கவிழ்க்க வேண்டுமென்றால் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதிபரைப் பதவி நீக்க நாடாளுமன்றத்துக்கு வழியே இல்லை. ‘அதிகாரமே இல்லாத சபைக்கு ஆளை அனுப்பி என்ன பிரயோஜனம்?’ என்ற கேள்விதான் மிஞ்சியது.

இவ்வளவு குறைவாக ஓட்டு விழுந்தால் தேர்தல் செல்லுமா?

செல்லும். குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் பதிவாக வேண்டும் என்ற விதி இல்லை. முதல் சுற்றில் 23 பேர் மட்டுமே ஜெயித்தனர். வேட்பாளர்கள் இருந்த மீதி இடங்களுக்கு 2023 ஜனவரி 29-ல் இரண்டாம் சுற்று நடந்தது. அப்போதும் சுமார் 11 சதவீதம்தான்.

‘மக்கள் அதிபரை நிராகரித்துவிட்டார்கள், அவர் பதவி விலக வேண்டும்’ என்றது எதிர்க்கட்சிக் கூட்டணி. சையத்தோ, ‘நாடாளுமன்றத்தின் மீதே மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது’ என்று விளக்கம் சொன்னார். வராத 89 சதவீதம் பேரை இரண்டு தரப்பும் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டன.

பிறகு என்ன ஆனது?

2023 மார்ச் 13-ல் புதிய நாடாளுமன்றம் கூடியது. அடுத்த மாதமே, பழைய நாடாளுமன்றத்தின் சபாநாயகரும் என்னஹ்தா தலைவருமான ரஷீத் கன்னூஷி கைது செய்யப்பட்டார். 2024 அக்டோபரில் நடந்த அதிபர் தேர்தலில் சையத் 90 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி மீண்டும் ஜெயித்தார். ஓட்டு போட்டவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு.

ஓட்டுரிமையை யாரும் பறிக்கவில்லை. வாக்குச்சாவடி திறந்துதான் இருந்தது. ஆனால் அந்த ஓட்டால் மாற்றக்கூடியது குறைந்துகொண்டே வந்தது. துனிசியத் தேர்தலை உலகம் இன்றும் கவனிப்பது இதற்காகத்தான்.